ஓமத் தண்ணீர் கொடுத்த அந்த இரண்டு மணி நேரம்

கேள்வி: எனக்கு 41 வயது, நாமக்கல் பக்கம். லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டராக இருந்த என் வீட்டுக்காரர் பதினோரு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பில் தவறிவிட்டார். அவருக்கு 46 வயது. அன்றைக்கு ராத்திரி பத்தரைக்கு, நெஞ்சு எரியுது, வாயு மாதிரி இருக்குது என்றார். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்து முதுகை நீவிவிட்டேன். கொஞ்சம் தேவலை என்றார். பன்னிரண்டரைக்கு வேர்த்துக் கொட்டியபோதுதான் 108-க்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அந்த ரெண்டு மணி நேரம்தான் தினமும் எனக்குள் ஓடுகிறது. இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அவர் நம்பருக்கு இன்னும் மாசாமாசம் ரீசார்ஜ் செய்கிறேன். அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜை ராத்திரி கேட்பேன். எங்கள் ரூமில் படுப்பதில்லை, ஹாலில்தான். வாரிசுச் சான்றுக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒன்பது கிலோ இளைத்துவிட்டேன், மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கம் இல்லை. ஆபீசில் யாராவது சிரிக்கவைத்தால் வீட்டுக்கு வந்து அழுகிறேன். ஒன்பதாவது படிக்கும் மகன் அப்பா பேச்சையே எடுப்பதில்லை. அவரோடவே போயிருக்கலாம் என்று சில நேரம் தோன்றும். தங்கச்சி கவுன்சலிங் போகச் சொல்கிறாள். அத்தையோ, "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்கிட்டயா போறே?" என்கிறார். அடுத்த மாதம் வருசத் திதி. நான் போகட்டுமா? போனால் என்ன செய்வார்கள்? தூக்க மாத்திரைதான் கொடுப்பார்களா?
— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போங்கள். திதி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே நாள் வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி.

"அவரோடவே போயிருக்கலாம்" என்ற எண்ணம் துணையை இழந்த பலருக்கும் வந்துபோவதுதான். வந்துவிட்டது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் "போயிருக்கலாம்" என்பது "போய்விடலாம்" என்று மாறினால், எப்படி என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தால், பையனை யாரிடம் விடுவது என்ற யோசனை வந்தால், அன்றைக்கே தங்கச்சியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைச் சேவை 24 மணி நேரமும் உண்டு. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சென்னையில் இருக்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இன்றைக்கே இன்னொன்றும் செய்யுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கிய மருந்து, எலி மருந்து எல்லாம் வீட்டை விட்டுப் போய்விடட்டும். இந்த எண்ணம் ஏறி இறங்கும் தன்மை கொண்டது. அது உச்சத்தில் நிற்கும் சிறு நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமலிருப்பதே பெரிய காப்பு.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். உங்களுக்குப் பயமாகத் தெரிகிற பல விஷயங்கள் எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் போகிற போக்கில் சொன்ன சிலதான் கவனிக்க வைக்கின்றன.

ரீசார்ஜ் செய்வதும் குரலைக் கேட்பதும் கோளாறு இல்லை. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறோம், இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் புதுத் துணியோடு படையல் போடுகிறோம். அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. போனவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் தேற முடியும் என்று மனநலத் துறையில் முன்பு சொல்லிவந்தார்கள். 1990-களிலேயே அந்தக் கருத்து மாறிவிட்டது. உறவு இருக்கட்டும், அதன் வடிவம்தான் மாற வேண்டும் என்பதே இன்றைய நிலை. அந்த மூன்று வாய்ஸ் மெசேஜையும் இன்றே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒன்று பென் டிரைவில், ஒன்று தங்கச்சியின் போனில். "போன் கெட்டுப்போனால் குரலும் போய்விடும்" என்ற பயம் நீங்கினாலே தினமும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற பதைப்பு பாதி அடங்கும். கேட்பதையும் படுக்கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் விளக்கு வைத்த பிறகு, உட்கார்ந்து கேளுங்கள். படுக்கை தூங்குவதற்கு மட்டும் இருக்கட்டும்.

சிரித்துவிட்டு அழுகிறீர்களே, அதுவும் துரோகம் இல்லை. துக்கம் நேர்கோட்டில் இறங்குவது கிடையாது. ஒரு நேரம் இழப்பின் பக்கம், ஒரு நேரம் அன்றாடத்தின் பக்கம் என்று மனம் ஊஞ்சல் போலப் போய்வரும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் இதை விளக்கி எழுதினார்கள். இந்தப் போக்குவரத்துதான் ஆறுவதற்கான வழி. எந்தப் பக்கமாவது ஊஞ்சல் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால்தான் சிக்கல். (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளை யாராவது உங்களுக்கு ஒப்பித்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதைச் சொன்னது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை வைத்து. உறவை இழந்தவர் வரிசையாக ஏற வேண்டிய படிக்கட்டாக அதைப் பிற்பாடு ஆக்கிவிட்டார்கள்.)

உங்கள் ஊஞ்சல் மாட்டியிருக்கும் இடங்கள் வேறு. அந்த அறைக்குள் படுக்க முடியவில்லை. வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுக்க முடியவில்லை, எழுதினால் "இறந்தவரின் மனைவி" என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது கிலோ போய்விட்டது. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த இரண்டு மணி நேரம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022-ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும் இப்படி நீடித்து, அன்றாட வாழ்வையே முடக்கும் துக்கத்தைத் தனியாகக் கவனிக்கச் சொல்கின்றன. அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியதாக அது இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கின்றன. உங்களுக்கு அதுதானா என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடிதத்தைப் படித்து நான் சீட்டு ஒட்ட முடியாது.

துக்க வீட்டில் எல்லோருக்கும் கவுன்சலிங் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் உறவும் சடங்கும் வேலையும் சேர்ந்து இழுக்க, தாமாகவே எழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வலியப்போய்க் கொடுக்கும் ஆலோசனையால் பெரிதாகப் பலன் இல்லை என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. முள் தைத்து நின்றவர்களுக்குத்தான் அது உதவும். உங்கள் முள் எது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். துக்கம் கேட்க வந்த நூறு பேரிடம் நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய கதை, "நெஞ்சு வலின்னார், தூக்கிட்டுப் போறதுக்குள்ள…" என்பது. அந்த மூன்று புள்ளிக்குள்தான் இரண்டு மணி நேரம் அடைந்து கிடக்கிறது.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. பெற்றவர். மாத்திரை எழுதுபவர் அவர். மருத்துவ உளவியலாளர் எம்.ஃபில். போன்ற சிறப்புப் படிப்பு முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். பேச்சு வழிச் சிகிச்சை அவர் வேலை. மருத்துவமனைகளில் மனநலச் சமூகப் பணியாளர்களும் இதைச் செய்கிறார்கள். "கவுன்சலர்" என்ற பலகை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிற நிலை இருக்கிறது. நல்லவர்களும் உண்டு, சில வாரச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. "என்ன படிச்சிருக்கீங்க? பதிவு எண் இருக்குதுங்களா? கணவனையோ பிள்ளையையோ இழந்தவங்களோட வேலை செஞ்சிருக்கீங்களா? எத்தனை தடவை வரணும்?" என்று போனிலேயே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் போக வேண்டாம்.

செலவுக்குப் பயந்தால் நேராக நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது, கட்டணம் இல்லை. காலை நேரப் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம், முதல் நாள் பத்து நிமிடம்தான் கிடைக்கக்கூடும். அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம், "எனக்குப் பேசறதுக்குத் தனியா நேரம் வேணுங்க, உளவியலாளர்கிட்ட அனுப்புங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டம் குறைந்த நாளை அவர்களே சொல்வார்கள். தனியாரிடம் ஒரு சந்திப்புக்குச் சிறு நகரங்களில் ஏறத்தாழ 500 முதல் 1,000 ரூபாய், கோவை, சென்னையில் 1,000 முதல் 2,500 வரை ஆகலாம். வீடியோ அழைப்பிலும் செய்யலாம். ஆனால் அத்தை அடுத்த அறையில் இருக்கும் வீட்டிலிருந்து செய்தால் நீங்கள் உண்மையைப் பேசப்போவதில்லை. தங்கச்சி வீட்டு மாடியிலிருந்து பேசுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு நான்கையும் பார்த்துவிடுங்கள். பதினோரு மாதத்தில் ஒன்பது கிலோ குறைவதை முழுக்கத் துக்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் எடை குறையும், தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கும்?

ஒரு சந்திப்பு 45 முதல் 50 நிமிடம். முதல் இரண்டு சந்திப்பும் பெரும்பாலும் கேள்விதான்: அவர் எப்படிப்பட்டவர், எப்படிக் கல்யாணம் ஆனது, எதற்கெல்லாம் சண்டை வரும், இப்போது ஒரு நாள் எப்படிப் போகிறது, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்வியை நேராகவே கேட்பார்கள், கேட்டால்தான் நல்லவர். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

பிறகு ஒரு சின்ன நோட்டு போடச் சொல்லலாம். தினமும் படுக்கும் முன் மூன்றே வரி. இன்று துக்கம் மிக அதிகமாக இருந்தது எப்போது, பத்துக்கு எத்தனை, அப்போது என்ன நடந்தது. மிகக் குறைவாக இருந்தது எப்போது, பத்துக்கு எத்தனை. "எப்பவும் ஒரே மாதிரிதாங்க இருக்குது" என்று சொல்பவர்கள் பத்து நாள் எழுதினால், காலை ஒன்பது, இரவு பதினொன்று, கொழம்பு தாளிக்கும் நேரம் என்று மேடு பள்ளம் தெரிய ஆரம்பிக்கும். பள்ளம் ஒன்று இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதே முதல் நகர்வு.

அடுத்ததுதான் கடினமான பகுதி. இந்த வகைத் துக்கத்துக்கென்றே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் வகுத்த முறையில் வாரம் ஒன்று என 16 சந்திப்புகள். நான்காவது சந்திப்பை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு அந்த இரவை, இப்போது நடப்பது போல, சொல்லச் சொல்வார்கள். "மணி பத்தரை. அவர் கட்டில்ல உக்காந்திருக்கார். நெஞ்சைத் தேய்க்கிறார். நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன்…" சுமார் பத்து நிமிடம். பிறகு கண்ணைத் திறந்து, எங்கே அதிகம் வலித்தது என்று பேசி, அதை மூடி வைத்துவிட்டு, அன்றைக்கு வீட்டுக்குப் போய் உங்களுக்கு இதமாக என்ன செய்துகொள்வீர்கள் என்று முடிவு செய்த பிறகுதான் அனுப்புவார்கள். சொன்னதைப் போனில் பதிவு செய்து வீட்டில் கேட்டு வரச் சொல்வதும் உண்டு. கேட்கக் கேட்க நடந்தது மாறாது. ஆனால் அது "எப்போதும் நடந்துகொண்டே இருக்கும் இரவு" என்ற நிலையிலிருந்து "அன்றைக்கு நடந்த இரவு" என்ற நிலைக்கு மெல்ல நகரும். இதை நீங்களே வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். இதில் மூடி வைக்கும் பகுதிதான் முக்கியம், அதற்குத் துணை வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தாள் போடுவார்கள். நடுவில் கோடு. இடப்பக்கம் "அப்போது எனக்குத் தெரிந்தது", வலப்பக்கம் "பிறகு தெரிந்தது". பத்தரை மணிக்கு இடப்பக்கத்தில் என்ன இருந்தது? எரிச்சல், வாயு என்று அவரே சொன்னது, இதற்கு முன் எத்தனை முறை ஓமத் தண்ணீரில் சரியானது என்பது. சிறிது நேரத்தில், "தேவலை" என்ற அவர் சொல். மாரடைப்பு என்ற வார்த்தை இடப்பக்கத்தில் எந்த மணியில் முதலில் வருகிறது? பன்னிரண்டரைக்கு, வேர்த்த பிறகு. வந்தவுடன் என்ன செய்தீர்கள்? போனை எடுத்தீர்கள். இதயத்தின் கீழ்ப்பகுதியில் வரும் மாரடைப்பு மேல்வயிற்று எரிச்சலாக, குமட்டலாகக்கூடக் காட்டும். ஈசிஜி எடுக்காமல் மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பதினோரு மாதமாக நீங்கள் வலப்பக்கத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு இடப்பக்கத்தில் நின்ற பெண்ணை விசாரணை செய்துகொண்டிருக்கிறீர்கள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க" என்று நல்ல ஆலோசகர் முதல் நாளே சொல்ல மாட்டார். அதை முழுக் கதையும் கேட்காதவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் அது உங்களுக்குள் இறங்கவில்லை. சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்குப் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்பதற்கு மேல் யாராலும் பதில் தர முடியாது. "விதி, எப்படியும் போயிருப்பார்" என்று பூசி மெழுகினால் மனம் நம்பாது. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கூப்பிட்டிருக்கலாமே என்ற வருத்தம் கடைசிவரை கொஞ்சம் மிச்சமிருக்கலாம். வருத்தம் வேறு, குற்றம் வேறு. தெரிந்தே விட்டவருக்குத்தான் குற்றம். இந்த வேறுபாட்டை என் எழுத்தில் படித்தால் ஒரு நிமிடம் ஒப்புக்கொள்வீர்கள், ராத்திரி பதினொன்றுக்குத் திரும்ப ஓடும். ஒருவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கால்மணி நேரமாக எழுதிப் பார்த்தால்தான் ஒட்டும்.

அறைக்கும் ஒரு படிக்கட்டு கட்டுவார்கள். கதவைத் திறந்து வைப்பது, பகலில் ஐந்து நிமிடம் கட்டிலில் உட்கார்வது, துணி மடிப்பது, மத்தியானம் அரைமணி சாய்வது, பிறகு ஓர் இரவு. ஒவ்வொரு படியிலும் பதைப்பு பாதியாகக் குறையும்வரை இருந்துவிட்டு வெளியே வர வேண்டும், பதைப்பு உச்சத்தில் இருக்கும்போதே ஓடி வந்தால் பயம் பெருகத்தான் செய்யும். வாரிசுச் சான்றும் இதே படிக்கட்டில் ஒரு படிதான். இ-சேவை மையத்துக்குத் தங்கச்சியோடு போய்ப் பதிவு செய்யலாம். பட்டறையில் பி.எஃப். பிடித்திருந்தார்களா என்றும் கேளுங்கள். 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் அவர் உறுப்பினராக இருந்திருந்தால் மனைவிக்கு மாத ஓய்வூதியமும், மகனுக்கு 25 வயது வரை தனித் தொகையும் உண்டு.

பிற்பகுதியில் அவரோடு பேச வைப்பார்கள். அவர் எதிரில் இருப்பதாக நினைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, பிறகு அவராக நீங்களே பதில் சொல்வது. ஆவியோடு பேசுகிறேன் என்று காசு வாங்குபவர்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதினெட்டு இருபது வருடம் கூட வாழ்ந்த ஒருவருக்கு, அந்த மனிதர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியும். அந்தத் தெரிதலை வெளியே எடுப்பதுதான் இது.

எங்கே கோளாறாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நான்காவது சந்திப்புக்குப் பிறகு அழுகை கூடும், கனவு வரும், "இதுக்குப் போகாமலே இருந்திருக்கலாம்" என்று தோன்றும். பலரும் நிறுத்துவது அங்கேதான். புண்ணைத் திறந்து கழுவும் கட்டம் அது. நிறுத்துவதாக இருந்தாலும் போய்ச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், வேகத்தைக் குறைத்துத் தருவார்கள். அதேபோல், ஆலோசகர் "மறந்துடுங்க", "குழந்தைக்காக அழாதீங்க" என்று அறிவுரை சொல்லிக்கொண்டே இருந்தால், தன் மதத்துக்கு அழைத்தால், மறுமணப் பேச்சை அவராக எடுத்தால், உங்கள் கதையை விடத் தன் கதையை அதிகம் சொன்னால், நான்கு முறை போயும் எதை நோக்கிப் போகிறோம் என்று தெரியாவிட்டால், ஆளை மாற்றுங்கள். கவுன்சலிங்கையே கைவிட வேண்டாம்.

தூக்க மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். உளவியலாளர் மாத்திரை எழுதவே மாட்டார். மனநல மருத்துவர் பார்த்து, துக்கத்தோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருந்தால் அதற்கான மாத்திரை தரலாம். துக்கம் அலையாக வரும், நடுவில் மகன் சாப்பிடுவதைப் பார்த்து ஒரு நிறைவாவது எட்டிப்பார்க்கும். மனச்சோர்வில் எதிலும் எதுவும் எட்டிப்பார்க்காது, "நானே வீண்" என்று படும். அந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அடிமைப்படுத்தாது, நிறுத்தும்போது மட்டும் மருத்துவர் சொல்படி குறைத்து நிறுத்த வேண்டும். ஷியர் குழுவின் 2016-ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சையோடு மாத்திரை சேர்ந்தபோது மனச்சோர்வு குறைந்தது, துக்கத்தின் பிடிக்கோ பேச்சுச் சிகிச்சைதான் வேலை செய்தது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அல்பிரசோலம், குளோனசெபம் வகைத் தூக்க மாத்திரையை அக்கம்பக்கத்தில் யாராவது "எனக்குக் கேட்டுச்சு" என்று கொடுப்பது. சில வாரத்திலேயே அது இல்லாமல் தூக்கம் வராத நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

வெளியே தெரியுமா என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் இல்லை, அத்தையின் கேள்வியில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பதை உங்கள் உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்கோ சொந்தக்காரருக்கோ சொல்ல முடியாது. அத்தையிடம் சட்டம் பேச வேண்டாம். "தூக்கமே இல்லீங்க அத்தை, எடை குறைஞ்சுட்டே போகுது, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்" என்றால் அதுவும் உண்மைதான். அவர் இழந்தது பெற்ற மகனை என்பதையும் நினைவில் வையுங்கள். அவருக்குத் துக்கம் கோபமாக வெளிவருகிறதோ என்னவோ.

வருசத் திதிக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே உடம்பு அதை உணர ஆரம்பிக்கும். தூக்கம் இன்னும் கெடும், எரிச்சல் கூடும். தேறியதெல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், தேதி நெருங்கும்போது பலருக்கும் வருவதுதான், கடந்ததும் இறங்கும். ஐயருக்கும் சமையலுக்கும் திட்டம் போடுவது போல உங்களுக்கும் போடுங்கள். அன்று உங்கள் பக்கத்திலேயே இருப்பது யார் (ஒரே ஒருவர், தங்கச்சியே போதும்), கூட்டம் தாங்காவிட்டால் எந்த அறைக்குப் போவீர்கள், "அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சு?" என்று யாராவது ஆரம்பித்தால் குறுக்கே பேசுவது யார், மறுநாள் விடுப்பு உண்டா. திதியைவிட மறுநாள்தான் வெறிச்சென்று இருக்கும், அந்த மறுநாளில் ஒரு சந்திப்பு வாங்கி வைத்தால் நல்லது. சம்பிரதாயம் என்று உங்களை ஒதுக்கி நிற்கச் சொன்னால், மறுக்கும் தெம்பு அன்று இருக்காது. இப்போதே தம்பி தங்கச்சியிடம் சொல்லி வையுங்கள்.

மகனைப் பற்றி. பதினான்கு வயதுப் பையன் பேசாமலிருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அப்பா பேச்சை எடுத்தால் அம்மா அழுவாள். அவன் உங்களைக் காக்கிறான். "நீதான் இனி வீட்டுக்கு ஆம்பள" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். "அது உன் வேலை இல்லப்பா, நீ ஒன்பதாவது படிக்கற பையன்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரே உட்கார வைத்துப் பேசினால் பேச மாட்டான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, வெங்காயம் உரிக்கும்போதோ நீங்களே ஆரம்பியுங்கள்: "உங்க அப்பா இருந்தா இந்த லாரிக்கு இந்தக் கலரா அடிப்பார்னு திட்டியிருப்பார்." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கதவு திறந்திருப்பது தெரிந்தால் போதும். "எனக்கும் அப்பா மாதிரி ஆகுமா?" என்ற பயம் அவனுக்குள் இருக்க வாய்ப்புண்டு. 55 வயதுக்குள் தந்தைக்கு மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து ஓரளவு கூடுவது உண்மை. ஆகவே குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப்போய்க் கொழுப்பு அளவைப் பார்த்து, அவரையே அவனிடம் பேசச் சொல்லுங்கள். பயத்தை மூடி மறைப்பதைவிட அது மேல். வகுப்பு ஆசிரியரிடம் திதித் தேதியைச் சொல்லி வையுங்கள். மார்க் சரிவதும் எரிந்து விழுவதும் இந்த வயதில் துக்கம் பேசும் பாஷை. பள்ளிக்கே போகாமல் நின்றாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, போதைப் பக்கம் போனாலோ அவனுக்கும் தனியாக ஆலோசனை வேண்டும். இல்லாவிட்டால் இப்போதைக்கு நீங்கள் தேறுவதே அவனுக்குச் சிகிச்சை.

முதல் நாள் போகும்போது பரிசோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, அவருடைய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி வெளியே உட்காரட்டும், உள்ளே நீங்கள் மட்டும். எங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்ததும் வாய் வராவிட்டால், "பத்தரைக்கு நெஞ்சு எரியுது என்றார்" என்று தொடங்கும் அந்தப் பக்கத்தை மடித்து நீட்டினால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.